ஜும்ஆ உரை: மாணவர்களின் கைச்செலவும் கடனும்



அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் இறுதியில் அல்லாஹ் தன் நல்லடியார்களின் பண்புகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். இரவில் நின்று வணங்குவது வருகிறது, நரகத்தை அஞ்சிக் கேட்கும் துஆ வருகிறது. அதற்கு அடுத்து, 67ஆம் வசனத்தில், பணத்தை எப்படிச் செலவு செய்வார்கள் என்பது வருகிறது: விரயமும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை. ஷிர்க், கொலை, விபச்சாரம் ஆகியவற்றை விட்டு விலகுவது அடுத்த வசனத்தில்தான். செலவு என்பது மார்க்கத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இன்று குறிப்பாக, வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்து, நம் மஹல்லாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகளோடு பேச விரும்புகிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து மாதம் 9,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகையில் உங்கள் பங்கு 4,500, மெஸ்ஸுக்கு 3,000 போனால் மீதி 1,500. அதை முப்பதால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 50 ரூபாய். இதுதான் உங்கள் கையில் உள்ள உண்மையான பணம். முதல் தேதி கணக்கில் 9,000 தெரியும்போது மனம் இதை மறந்துவிடுகிறது. நண்பர்கள் 'ட்ரீட் எப்போ?' என்கிறார்கள். ஒரே இரவில் 1,800 போகிறது. அது 36 நாள் காசு, தம்பி.

சிக்கனம் என்ற பெயரில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதை மார்க்கம் கேட்கவில்லை. பஸ்ஸில், ரயிலில் மாணவர்களுக்குச் சலுகை உண்டு, கேட்டு வாங்குங்கள். புத்தகம் வாங்கக் காசு இல்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம், கட்டணம் கிடையாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அதை ஏற்காமல் கடைத்தெரு எங்கே என்று கேட்டு, பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். இல்லாததை இருப்பதுபோல் காட்ட வேண்டும் என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை.

நம்மிடம் அந்த எண்ணம்தான் கடனாக மாறுகிறது.

சில காலத்துக்கு முன் என் கைப்பேசிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. நம் பள்ளிக்கு ஒழுங்காகத் தொழ வரும் ஒரு மாணவரின் படம். கீழே 'திருடன்' என்ற சொல். அவர் கடன் செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கேட்டிருக்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 3,500. ஏழு நாளில் 5,000 கட்ட வேண்டும். நூற்றுக்கு ஏறத்தாழ 43 ரூபாய் வட்டி, அதுவும் ஒரே வாரத்துக்கு! நம் பெரியவர்கள் பயந்த கந்துவட்டிக்காரன்கூட இப்படி வாங்கியிருப்பானா தெரியவில்லை. கட்ட முடியாதபோது, அவர் கைப்பேசியில் இருந்த எல்லா எண்களுக்கும் அந்தப் படம் போயிருக்கிறது. 'ஹஜ்ரத்' என்று அவர் சேமித்து வைத்திருந்த என் எண்ணுக்கும் வந்தது.

அவரை அழைத்து விசாரித்தேன். பணத்தைவிட வேறொன்றைச் சொல்லித்தான் அழுதார். அத்தாவிடம் தேர்வுக் கட்டணம் என்று ஒரு பொய், உம்மாவிடம் உடம்பு சரியில்லை என்று இன்னொன்று, அறை நண்பனிடம் 'நாளைக்குத் தருகிறேன்' என்று மூன்று வாரமாக ஒரே வாக்குறுதி.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் சேர்த்தே பாதுகாவல் தேடுவார்கள். கடனை அஞ்சி ஏன் இவ்வளவு அதிகமாகப் பாதுகாவல் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்குக் கொடுத்தால் மீற நேர்கிறது என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது. அந்த மாணவருக்கு நடந்தது அதேதான். ஐயாயிரம் ரூபாயை எப்படியும் அடைத்துவிடலாம். பெற்றவர்களிடம் பேசிய பொய்யை எதைக் கொண்டு அடைப்பது?

'இப்போது வாங்கு, பிறகு கொடு' என்று வரும் வசதியும் கவனிக்க வேண்டியதே. தாமதமானால் கூடுதலாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வாங்கும் கடனில், அந்தக் கூடுதல் வட்டிதான். அதற்கு 'லேட் ஃபீ' என்று பெயர் வைப்பதால் ஹலால் ஆகிவிடாது.

அறை நண்பரிடம் 200 ரூபாய் வாங்கினாலும் எழுதி வையுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282, கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று தீனார் கடனோடு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபியவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்ற பிறகே தொழுவித்தார்கள். கடனின் கடுமைக்கு நாம் இந்தச் சம்பவத்தை அடிக்கடி சொல்கிறோம். அந்தச் சபையில் ஒருவர் எழுந்து பொறுப்பேற்றார் என்பதையும் சொல்ல வேண்டாமா? அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். பிள்ளைகள் செயலியைத் தேடிப் போகிறார்கள் என்றால், நம் பைத்துல்மாலின் கதவு அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன், மாணவர்களுக்கு வட்டியில்லாக் கடன் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஏற்கெனவே சிக்கியிருக்கும் தம்பிகளே, ஒரு கடனை அடைக்க இன்னொரு செயலியில் வாங்காதீர்கள். கடன் செயலிகள் உங்கள் தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே விதி செய்திருக்கிறது. மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மிரட்டல் செய்திகளை அழித்துவிட வேண்டாம், அவைதான் ஆதாரம். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசிப்போம். மஃரிபிலிருந்து இஷா வரை பள்ளியில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். வரும்போது கைப்பேசியையும் எடுத்து வாருங்கள்.