கற்றது நடத்தையில் நிலைபெற

பணியாளரின் சொல்லைப் பொறுமையுடன் கேட்க வேண்டும். பிறர் முன்னிலையில் கடிந்துரைக்கலாகாது. நற்பணியை மனமாரப் பாராட்ட வேண்டும். தலைமைப் பொறுப்பில் இருப்போருக்கான பயிற்சி வகுப்புகளில் இவை கற்பிக்கப்படுகின்றன. கற்போரும் உளமார ஏற்கின்றனர். ஆயினும் சில மாதங்களில் பழைய கோபமும் பழைய அவசரமும் திரும்பிவிடுவது உண்டு. இதற்கு அவர்களது மனவுறுதிக் குறைவு மட்டுமே காரணமா?

ஆய்வு உணர்த்தும் உண்மை

அமெரிக்காவில் பண்ணை இயந்திரங்களைத் தயாரித்து வந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் ஃபோர்மேன்களைப் பற்றி உளவியல் அறிஞர் எட்வின் ஃபிளைஷ்மன் ஆராய்ந்து, 1953-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். மனித உறவுப் பயிற்சி முடிந்தவுடன் அவர்களுடைய மனப்பான்மையில் மாற்றம் தென்பட்டது. தொழிற்சாலைக்குத் திரும்பிய பின்னரோ அது நிலைக்கவில்லை. அங்கு அவர்கள் நடந்துகொண்ட விதம், பெற்ற பயிற்சியைவிடத் தத்தம் மேலதிகாரியின் போக்கையே மிகுதியும் சார்ந்திருந்தது.

இதன் விளைவைச் சுமப்பவர்கள் கீழே பணிபுரிவோரே. ஃபிளைஷ்மனும் ஹாரிஸும் லாரி உற்பத்திச் சாலை ஒன்றின் 57 ஃபோர்மேன்களை ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக்குகிறது. பரிவு குறைந்தவர்களின் பிரிவுகளில் புகார்களும், வேலையை விட்டு விலகுவோரும் மிகுதி. பரிவு மிக்கவர்கள் வேலையில் கண்டிப்பைக் கூட்டியபோதும் புகார்கள் பெரிதும் உயரவில்லை. எனவே பரிவு என்பது கண்டிப்பைக் கைவிடுவதன்று. கண்டிப்பைப் பிறர் ஏற்கும்படி செய்வதே அது.

பயிற்சியை அமைக்கும் முறை

முதலாவதாக, பயிற்சி மேலதிகாரியிடமிருந்து தொடங்க வேண்டும். கீழுள்ளவர் கற்கவிருப்பதை அவர் முன்னரே அறிந்து, தாமும் கடைப்பிடிக்க வேண்டும். அவர் தம் அறையில் உரக்கக் கடிந்துகொண்டால், வகுப்பில் கேட்ட பத்து உரைகளும் பயனற்றுப் போகும்.

இரண்டாவதாக, பெரிய இலட்சியத்தைச் சிறிய செயலாகச் சுருக்க வேண்டும். 'பொறுமையாக இருப்பேன்' என்பது விருப்பம் மட்டுமே. 'பழுதான பொருள் வந்தால், என்ன நடந்தது என்று முதலில் கேட்பேன். பதில் முடியும்வரை குறுக்கிடமாட்டேன்' என்பது திட்டம். இவ்வாறு சூழ்நிலையையும் செயலையும் முன்கூட்டியே பிணைத்துக்கொண்டால் எண்ணம் செயலாவது எளிதாகும் என்பதை உளவியலார் பீட்டர் கோல்விட்ஸர் 1999-இல் எடுத்துக்காட்டினார்.

மூன்றாவதாக, போதிய காலம் அளிக்க வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேர் 12 வாரம் பங்கேற்ற ஆய்வு 2010-இல் வெளிவந்தது. உணவு, உடற்பயிற்சி போன்ற எளிய செயல்கள் பழக்கமாவதற்கே 18 முதல் 254 நாட்கள் வரை தேவைப்படும் என அது கணித்தது; நடு அளவு 66 நாட்கள். ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதும் தடைப்படவில்லை. கோபத்தை அடக்குவது இவற்றினும் கடினம். ஆகவே இரண்டு நாள் வகுப்போடு நிறுத்தாமல், வாரந்தோறும் சிறிது நேரம் கூடிப் பேசும் ஏற்பாடு சில மாதங்களுக்கேனும் தொடர வேண்டும். தவறியவரைப் பழிக்காமல் மறுநாளே மீண்டும் தொடங்கச் செய்ய வேண்டும்.

நான்காவதாக, உரியதை அளக்க வேண்டும். டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளை வகுத்தார்: கற்போரின் மனநிறைவு, கற்ற அறிவு, பணியிட நடத்தை, நிறுவனம் பெறும் பயன். 'வகுப்பு நன்றாக இருந்தது' என்ற கருத்துப் படிவம் முதற்படியை மட்டுமே காட்டும். மூன்றாம் படியை அறிய, மூன்று மாதங்கள் கழித்து அவருடைய பணியாளர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் அச்சமின்றிப் பேசுவதற்குப் பெயர் வெளிப்படாத முறை தேவை.

விதை நல்லதாயினும் நிலம் பண்படாவிட்டால் பயிர் நிற்காது. தலைவரைப் பயிற்சிக்கு அனுப்புவோர், அவர் திரும்பி வரும் இடத்தையும் பண்படுத்துவார்களாக.

சிந்தனைக்கு:

1. பணியிடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு செயல் எது? எந்தச் சூழ்நிலையில் அதைச் செய்ய வேண்டும்?

2. அம்மாற்றம் நிகழ்ந்ததா என்று உண்மையாகக் கூறக்கூடியவர் யார்?