‘பெருசுக்கு மூளை மழுங்கிருச்சு’

நம்பிக்கை: வயசாக ஆக மனசு கசந்துபோகும், சிடுசிடுப்புதான் மிஞ்சும்.

உண்மை: பெரும்பாலும் நேர்மாறு. 2003-ல் அமெரிக்காவில் சூசன் சார்லஸ், மாரா மாத்தர், லாரா கார்ஸ்டென்சன் மூவரும் இளையவர், நடுவயதினர், முதியவர் என மூன்று தரப்பாருக்கும் படங்களைக் காட்டி, எதெல்லாம் நினைவிருக்கிறது என்று பிறகு கேட்டார்கள். வயது கூடக்கூட, மனதைச் சங்கடப்படுத்தும் படங்களே அதிகம் மறந்துபோயிருந்தன. பிந்தைய சோதனைகளில், கூடவே வேறொரு வேலையும் கொடுத்துக் கவனத்தைப் பிரித்தபோது முதியவர்களிடம் நல்லதன் பக்கம் இருந்த இந்தச் சாய்வு காணாமல் போனது. ஆக, நல்லதன் பக்கம் திரும்புவது மூளை தளர்ந்ததால் அல்ல, அது மெனக்கெட்டுச் செய்கிற வேலை. திண்ணையில் எந்நேரமும் எரிந்துவிழும் அப்பாருக்கு முட்டிவலியோ, காது மந்தமோ, தூக்கமின்மையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நம்பிக்கை: அறுபதைத் தாண்டினால் மறதி வரத்தான் செய்யும், வைத்தியம் எதற்கு?

உண்மை: நம் பக்கம் அதிகக் கெடுதல் செய்வது இந்தப் பேச்சுதான். ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் தவறி நாலைந்து மாதம். மகன் லாரியோடு வடக்கே போய்விடுகிறார், பேரன் பெங்களூரில். அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார் அப்பத்தா. காலை மாத்திரை போட்டாரா என்பதும் நினைவில்லை. ‘மறதி நோய்’ என்று வீடே முடிவுகட்டிவிடுகிறது.

ஆனால் துக்கமும் மனச்சோர்வும் கவனத்தைத் தின்றுவிட்டால் விஷயம் மனதில் சரியாகப் பதிவதே இல்லை. பதியாததை எப்படி நினைவுகூர்வது? “இன்னைக்கு என்ன கிழமைங்க?” என்று மருத்துவர் கேட்டால், மனச்சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் யோசிக்காமலே “தெரியலைங்க சாமி” என்று விட்டுவிடுவார். டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ளவர் ஏதாவதொரு கிழமையைச் சொல்லிச் சமாளிப்பார். இது ஒரு துப்பு மட்டுமே. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். முதுமையில் புதிதாக வரும் மனச்சோர்வு சிலருக்கு டிமென்ஷியாவின் முதல் அறிகுறியாகவும் இருப்பதுண்டு. அதனால் தைராய்டு, பி12 பரிசோதனைகளோடு மனநல மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சோர்வு தீரும்போது மறதியும் பலருக்குக் குறைகிறது.

நம்பிக்கை: பணத்தை ஏமாந்து கொடுக்கும் வயசானவர்களுக்குப் புத்தி மட்டு.

உண்மை: ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீடியோ காலில் மிரட்டுகிறவன் புத்தியோடு மோதுவதில்லை. பயத்தைக் கிளப்பி, போனை வைக்கவிடாமல், யாரிடமும் பேசவிடாமல் பார்த்துக்கொள்கிறான். அப்படியொரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், குதூகலமோ கோபமோ ஏற்றிவிடப்பட்ட முதியவர்கள் பொய் விளம்பரப் பொருளை வாங்க அதிகம் முன்வந்தார்கள். இளசுகள் மட்டும் என்ன? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு பறவை வளர்ப்பில் லாபம் தருவதாகப் பணம் வாங்கிய நிறுவனங்கள் கவிழ்ந்தபோது பணத்தைத் தொலைத்தவர்களில் எல்லா வயதினரும் உண்டு. அதுவும் கோழி வளர்ப்பில் நாட்டுக்கே பாடம் எடுக்கும் இந்த வட்டாரத்தில்!

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். ஊர் சிரிக்குமே என்று வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும்.