ஒரே பாதையில் இரு வேகங்கள்

ஓர் இருப்புப்பாதையில் எத்தனை வண்டிகள் ஓடலாம் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது வண்டிகளுக்கிடையேயுள்ள வேக வேறுபாடாகும். எல்லா வண்டிகளும் ஒரே வேகத்தில் சென்றால் அவற்றை நெருக்கமாக அனுப்பலாம். ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும் புறநகர் வண்டியும் நில்லாது செல்லும் விரைவு வண்டியும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது.

கணக்கு காட்டும் உண்மை

எடுத்துக்காட்டாக, 30 கிலோமீட்டர் தொலைவைப் புறநகர் வண்டி 40 நிமிடங்களிலும் விரைவு வண்டி 24 நிமிடங்களிலும் கடப்பதாகக் கொள்வோம். புறநகர் வண்டிகள் 8 நிமிடத்திற்கு ஒன்றாகப் புறப்படுகின்றன. இரு வண்டிகளுக்கிடையே குறைந்தது 4 நிமிட இடைவெளி தேவை. 8 மணிக்குப் புறப்படும் புறநகர் வண்டியைப் பின்தொடரும் விரைவு வண்டி, வழியில் தடைப்படாதிருக்க 8.20க்குத்தான் கிளம்ப இயலும். அடுத்த புறநகர் வண்டி 8.24க்குக் கிளம்பும். இடையில் 8.08, 8.16 ஆகிய இரு வண்டிகள் இழக்கப்படுகின்றன.

நடுவழி நிலையத்தில் லூப் லைன் எனப்படும் ஒதுங்கு பாதை இருந்தால், விரைவு வண்டி 8.12க்கே கிளம்பலாம்; இழப்பு ஒரு வண்டியாகக் குறையும். ஆனால் முன்சென்ற புறநகர் வண்டி ஒதுங்கி 8 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை இழப்பவர் அன்றாடம் பணிக்குச் செல்லும் பயணியே.

தனிப்பாதையும் அதன் விலையும்

நிலையான தீர்வு, இருவகை வண்டிகளுக்கும் தனித்தனிப் பாதை அமைப்பதாகும். சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்வண்டிப் போக்குவரத்து 1931இல் தொடங்கியது. நகரம் வளர்ந்தபின் கூடுதல் பாதைக்கு இடம் காண்பது எளிதன்று. கடற்கரை – எழும்பூர் இடையே சுமார் 4 கிலோமீட்டருக்கு நான்காவது பாதை அமைப்பதற்காக, வேளச்சேரியிலிருந்து வரும் பறக்கும் ரயில் 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை சிந்தாதிரிப்பேட்டையுடன் நிறுத்தப்பட்டது.

கோட்டயம் வழிப்பாதை

இருப்புப்பாதையே இல்லாத வண்டிப்பெரியார் போன்ற மலைத்தோட்டப் பகுதியினருக்கும் இச்சிக்கல் அயலானதன்று. மலைச்சாலை வழியே கோட்டயம் இறங்கித் தொலைதூர வண்டியேறும் குடும்பத்திற்கு விரைவு வண்டி தேவை; கோட்டயத்திலிருந்து எர்ணாகுளத்திற்கு நாள்தோறும் செல்லும் ஊழியருக்குப் பாசஞ்சர் வண்டி தேவை. 2022 மே மாதத்தில் கோட்டயம் வழி இரட்டைப்பாதை நிறைவுற்றதும், எதிர்வரும் வண்டிக்காகக் காத்திருக்கும் நிலை நீங்கியது. ஆயினும் பின்னால் வரும் வேகமான வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் நிலை நீங்கவில்லை. 2023 ஏப்ரலில் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபின், தங்கள் வண்டிகள் வழியில் நிறுத்தப்படுவதாக அன்றாடப் பயணிகள் முறையிட்டனர். ஒரு வண்டியின் வேகத்தைக் கூட்டும்போது, ஏனைய வண்டிகளுடன் அதற்குள்ள வேக வேறுபாடும் கூடுகிறது என்பதையே இது காட்டுகிறது.

செய்யத்தக்கவை

தனிப்பாதை அமையும்வரை சில வழிகள் உள்ளன. காலை, மாலை நெரிசல் நேரங்களில் விரைவு வண்டிகளைக் குறைக்கலாம். அல்லது அவற்றை அடுத்தடுத்து அனுப்பி, ஒரே இடைவெளியில் இரண்டைக் கடத்தலாம். தானியங்கி சைகை முறையால் வண்டிகளின் இடைவெளியைச் சுருக்கலாம். விரைந்து வேகமெடுக்கும் மின்தொடர் வண்டிகளைப் பாசஞ்சர் வண்டிகளாக இயக்கினால் வேக வேறுபாடே குறையும்.

புதிய விரைவு வண்டியை அறிவிக்கும்போது, அது மிச்சப்படுத்தும் நிமிடங்களோடு, வழிவிட்டு நிற்கும் வண்டிகளின் பயணிகள் இழக்கும் நிமிடங்களையும் கணக்கிட்டு வெளியிடுதல் வேண்டும். அப்போதுதான் கால அட்டவணை இருசாராருக்கும் நியாயமாக அமைந்துள்ளதா என்பதை மக்கள் அறிய இயலும்.