தேய்மானம் பத்து ரூபாய் கூடினால்?

பிகாம் நிதிப் பிரிவோ, பிபிஏ நிதியோ முடித்துவிட்டு வேலைக்கு வருகிறவரிடம் நேர்காணலில் அடிக்கடி விழும் கேள்வி இது: "தேய்மானம் பத்து ரூபாய் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்?" எண்பது சதவீதம் வாங்கியவரும் இங்கே திணறுவார். நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை இரண்டிலும் தேய்மானம் போட அவருக்குத் தெரியும். தேர்வில் கேட்டது அவ்வளவுதான். அந்தப் பத்து ரூபாய் போட்ட இடத்திலிருந்து எங்கெல்லாம் போகிறது என்று கல்லூரியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கணக்கு சின்னது. வரி 25 சதவீதம், வரிக் கணக்கிலும் இதே தேய்மானம் என்று வைத்துக்கொள்வோம். வரியில் இரண்டரை ரூபாய் மிச்சமாவதால் லாபம் ஏழரை ரூபாய்தான் குறையும். தேய்மானத்துக்காக யாருக்கும் காசு எடுத்துக் கொடுக்கவில்லை. ஆகவே கையிருப்பு இரண்டரை ரூபாய் ஏறும். இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரம் பத்து இறங்கி, ரொக்கம் இரண்டரை ஏற, சொத்து மொத்தத்தில் ஏழரை குறையும். மறுபக்கம் பங்குதாரர் நிதியும் அதே ஏழரை குறைந்து இரு பக்கமும் நிற்கும். லாபம் குறைந்த கம்பெனியிடம் காசு கூடியிருக்கிறது! இது ஏன் என்று தாளில் எழுதிக் காட்ட முடிகிறவருக்கு நிதி நிர்வாகப் பாடம் பாதி வந்துவிட்டது என்பேன்.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் செமஸ்டரிலேயே ஒரு கம்பெனியைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடமும் அதன் ஆண்டறிக்கையை விடாமல் படியுங்கள். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டனோ, டிவிஎஸ் மோட்டாரோ எதுவானாலும் சரி; அவர்களுடைய இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். தலைவர் உரையும் வண்ணப் படங்களும் காத்திருக்கட்டும். தணிக்கையாளர் அறிக்கை, ரொக்க ஓட்ட அறிக்கை, பின்னால் பொடி எழுத்தில் வரும் குறிப்புகள், இந்த வரிசையில் போங்கள். வரவேண்டிய பாக்கி எத்தனை மாதப் பழையது என்று ஆறு மாதத்துக்குள், ஒரு வருடத்துக்குள், மூன்று வருடத்துக்கு மேல் என்றெல்லாம் பிரித்துக் காட்ட வேண்டும் என 2021-இல் நிறுவனச் சட்ட விதி திருத்தப்பட்டது. அந்த ஒரு அட்டவணையை இரண்டு வருடத்துக்கு ஒப்பிட்டாலே வியாபாரம் எப்படிப் போகிறது என்று வாசனை வரும்.

வங்கியை முதல் வருடத்தில் தொடாதீர்கள். நாம் போடும் டெபாசிட் அங்கே பொறுப்பு, கொடுத்த கடன் சொத்து; பழகாதவருக்குத் தலைசுற்றும். மூன்றாம் வருடம் கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியையும் தூத்துக்குடியில் 1921-இல் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாராக்கடன் விகிதத்தைப் பாருங்கள்.

சேரும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று: 2024-25 கல்வியாண்டிலிருந்து பிபிஏ படிப்பு ஏஐசிடிஇ வரம்புக்குள் வந்துவிட்டது. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்தது எங்கே போவது என்பதை முதல் வருட முடிவுக்குள் தீர்மானித்துவிட்டால் நல்லது. சிஏ என்றால், பிகாமில் 55 சதவீதம் எடுத்தவர் ஃபவுண்டேஷன் எழுதாமலேயே இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். இப்போதைய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருடம். வங்கி வேலை என்றால் கொஞ்சம் ஏமாற்றமான செய்தி. ஐபிபிஎஸ் அதிகாரித் தேர்வின் முதல் கட்டத்தில் உங்கள் நிதிப் பாடம் எதுவும் வராது. ஆங்கிலம், கணக்கு, ரீசனிங் மூன்றும்தான். இயற்பியல் படித்தவரும் நீங்களும் ஒரே கோட்டில் நிற்பீர்கள். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி பொதுப்பிரிவுக்குப் பட்டத்தில் 60 சதவீதம் கேட்பார்கள், அதனால் அரியர் வைத்துக்கொண்டு அந்தக் கனவு காண முடியாது. மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் போகிறவர் என்ஐஎஸ்எம் நடத்தும் ஐந்து-ஏ தேர்வைப் படிக்கும்போதே எழுதிவிடலாம். நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், பாதி எடுத்தால் பாஸ். சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும், ஆகவே கடைசி வருடத்தில் எழுதுவதே லாபம்.

சென்னையில் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது வெளிநாட்டு வங்கிகளின் பின்னணி அலுவலக வேலை: பில் சரிபார்ப்பு, இரு கணக்கை ஒத்துப்பார்த்தல். சிலருக்கு நைட் ஷிஃப்ட். கேவலமாக நினைக்க வேண்டாம், ஒழுங்கு பழகும் இடம் அது. இரண்டு வருடமாகியும் அதே திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே தேட ஆரம்பிக்க வேண்டியதுதான். எக்செல்லில் பிவட் டேபிள் தெரியாமல் அங்கே போகாதீர்கள். ஆடிட்டர் அலுவலகமென்றால் டாலி.

ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் "வாடிக்கையாளர் திருப்தி" என்று தயாராக பைண்ட் செய்து விற்பதை வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை ரெஸ்யூமேயில் போட்டுவிட்டு இரண்டாவது கேள்விக்கு என்ன சொல்வார்கள்? பதிலாக, தெரிந்தவருடைய பனியன் யூனிட்டுக்கோ அரிசி மண்டிக்கோ போய் ஆறு மாதப் பேரேட்டைக் கேளுங்கள். சரக்கு 40 நாள் தேங்கி, 60 நாள் கடனில் விற்று, வாங்கிய சரக்குக்கு 30 நாளில் காசு கொடுக்கிறார் என்றால், 70 நாளுக்கான பணத்தை அவர் வெளியிலிருந்து புரட்டுகிறார். எங்கே, என்ன வட்டிக்குப் புரட்டுகிறார், அந்த வட்டி லாபத்தில் எவ்வளவு தின்கிறது என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னால் போடாதீர்கள்.