நம்பிக்கைகளும் உண்மைகளும்: மெகாவாட் மட்டுமே வளர்ச்சி ஆகாது

மின்சாரம் பெருகினால் நாடு செழிக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையில் நூற்பாலைகள் அடுத்தடுத்து எழுந்ததை அறிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இந்த உண்மையை ஒட்டிச் சில தவறான முடிவுகளும் பரவியிருக்கின்றன.

நம்பிக்கை 1: மின்நிலையங்களைக் கட்டினாலே வளர்ச்சி வந்துவிடும்.

உண்மை: 2012 முதல் சில ஆண்டுகள் கடும் மின்வெட்டில் தவித்த கானா, தனியார் மின்நிலையங்களோடு அவசர ஒப்பந்தங்கள் போட்டது. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் தந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. 2019இல் அதன் நிறுவுதிறன் சுமார் 5,000 மெகாவாட். உச்சத் தேவையோ 2,700 மெகாவாட் அளவில்தான் இருந்தது. பயன்படுத்தாத மின்சாரத்துக்கு ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் போவதாக அந்நாட்டு அரசே சொன்னது. பள்ளிக்கும் சாலைக்கும் ஆகியிருக்க வேண்டிய பணம் அது.

நம்பிக்கை 2: மின்வெட்டுக்குக் காரணம் உற்பத்திக் குறைவு மட்டுமே.

உண்மை: 2012இல் தமிழ்நாட்டில் உற்பத்தி போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் வெளிமாநிலத்தில் வாங்கலாம் என்றால், அதைக் கொண்டுவரப் போதிய மின்தடம் இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கிய பிறகே தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு முழுமையாக இணைந்தது. அதுவரை கோவையின் பவுண்டரிகளும் சிறுபட்டறைகளும் டீசல் ஜெனரேட்டருக்குக் காசைக் கொட்டின. அதற்கு வழியில்லாதவர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

நம்பிக்கை 3: மின்சாரம் குறைந்தால் பொருளாதாரம் சரியும்; பொருளாதாரம் சரிவதால் மின்சாரம் குறையாது.

உண்மை: இலங்கையில் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் மின் இணைப்பு இருந்தது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. நீர்த்தேக்கங்களில் நீர் குறைந்திருந்தது. எரிபொருள் வாங்க நாட்டிடம் டாலர் இல்லை. பொருளாதாரம் விழுந்தபோது மின்சாரமும் விழுந்தது. அவ்வாண்டு அதன் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. ஒன்பது ஆண்டுகள் ஏறாதிருந்த மின்கட்டணம், 2022 ஆகஸ்டில் ஒரேயடியாகச் சராசரி 75 விழுக்காடு ஏறியது. செலவுக்கு ஏற்ற கட்டணத்தைத் தள்ளிப்போட்டதன் சுமை, மக்கள் மிகவும் நொந்திருந்த நேரத்தில் அவர்கள் தலையில் இறங்கியது.

நம்பிக்கை 4: மின்பயன்பாடு ஏறாவிட்டால் வளர்ச்சி நின்றுவிட்டது என்று பொருள்.

உண்மை: பிரிட்டனின் மின்பயன்பாடு 2005ஐ ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு குறைந்தது. பொருளாதாரமோ அன்றைய அளவைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. சிக்கனமான விளக்குகளும் கருவிகளும், கனரகத் தொழில்கள் சுருங்கியதும் இதற்குக் காரணங்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கவே திணறும் நாடுகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. அங்கே பயன்பாடு இன்னும் ஏறத்தான் வேண்டும்.

தொழிலை வளர்ப்பது தடையில்லாமல் வரும், கட்டுப்படியாகும் மின்சாரம். ஆகவே புதிய மின்நிலையம் அறிவிக்கப்படும்போது, எத்தனை மெகாவாட் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்தத் தடத்தில் வரும், யார் விலை கொடுப்பார்கள், நம் ஊரில் மின்தடை எத்தனை மணி நேரம் குறையும் என்றும் கேளுங்கள்.