சூதென்னும் நோயும் அதன் மருந்தும்

சைவாசிரியர்களே,

பெரியபுராணத்தில் மூர்க்க நாயனார் சரித்திரத்தைப் படிப்பிக்கும்பொழுது, மாணாக்கனொருவன் எழுந்து, "சூதாடியவர் சிவபதம் அடைந்தாராயின் நாம் ஆடுவது எங்ஙனம் குற்றமாகும்?" என்று வினாவுதல் கூடும். எம்மிடத்தும் ஒருவன் வினாவினான். அவனை அதட்டி இருத்துதல் எளிது. ஆயினும் அவ்வினாவின் பின்னே, அடைவுக்குப் போன நகையும், வீட்டில் ஒருவருடைய கைத்தொலைபேசியில் இரவெல்லாம் நடக்கும் பந்தயமும் இருத்தல் கூடும். ஆதலால் விடை தெளிவாயிருத்தல் வேண்டும்.

தொண்டைநாட்டுத் திருவேற்காட்டிலே அவதரித்த நாயனார், அடியார்க்கு அமுதூட்டித் தம்பொருள் முழுதுஞ் செலவாகிய பின்னரே, முன்பு கற்ற சூதினாற் பொருள் தேடினார். வென்ற பொருளைத் தாம் தீண்டாது, அமுது சமைப்போர் எடுத்துக்கொள்ள விட்டார். தாம் கடைப்பந்தியிலிருந்து உண்டார். இஃது சேக்கிழார் கூறியது. சூதுநோயாளனோ இதற்கு மறுதலை. வென்றாற் கோயிலுக்குக் கொடுப்பேனென்று அவன் நேர்ந்துகொள்ளினும், வென்ற காசு அடுத்த பணையமாகுமேயன்றிக் கோயில் சேராது. நாயனாரைச் சான்று காட்டுவோனை, "வென்ற காசு எங்கே போயிற்று?" என்று வினாவுக. அதுவே உரைகல்.

இனி, இந்நோயின் இயல்பு அறிக. திருக்குறளிலே கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். சூது 94ஆம் அதிகாரம். அதனையடுத்து வருவது மருந்து. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் சூதுப்பற்றை நோயென ஏற்றது. 2013 இல் அதனை மதுப்பற்று முதலியவற்றோடு ஒரே வகுப்பில் வைத்தது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார தாபனத்தின் நோய்ப்பட்டியலும் அவ்வாறே வகுத்தது. கள்ளையும் சூதையும் அருகருகே வைத்தல் நமக்குப் புதிதன்று. பொருளை இழக்குந்தோறும் சூதின்மேற் காதல் மிகும் என்பது 94ஆம் அதிகாரத்து இறுதிக் குறளின் கருத்து. நோயின் வேர் இதுவே. சூதன் பொருளாசையினால் ஆடத் தொடங்குகின்றான்; பின்னர் இழந்ததை மீட்பதற்கே ஆடுகின்றான்; மீட்கப்புகுந்து மேலும் இழக்கின்றான்.

இம்மயக்கத்தைக் கணித பாடத்திலே காட்டுக. ரூலெட் எனப்படும் ஐரோப்பியச் சுழல்வட்டச் சூதிலே 37 எண்கள் உள. ஓரெண்ணின்மேல் ஒரு ரூபா வைத்து வென்றவன், வைத்ததையுஞ் சேர்த்துப் பெறுவது 36 ரூபா. எல்லா எண்களிலும் ஒவ்வொரு ரூபா வைப்பவன் 37 கொடுத்து 36 பெறுவான். அவ்வொரு ரூபாவை எத்திறமையாலும் மீட்டல் இயலாது. 1913 இல் மொண்டே கார்லோவிலே வட்டம் தொடர்ந்து 26 முறை கறுப்பிலே நின்றது. இனிச் சிவப்பே வருமென்று மேன்மேலும் பணம் வைத்தோர் பெரிதும் இழந்தனர். வட்டத்திற்கு நினைவில்லை. ஐந்து முறை தலை விழுந்த நாணயம் ஆறாமுறையுந் தலையாக விழும் வாய்ப்புப் பாதியேயாம்.

கணிதம் அறிவைத் திருத்தும். அது மாத்திரம் நோயைத் தீர்க்காது. எமது பிழையையும் இங்கே சொல்லுவோம். எம்மிடங் கற்று ஆசிரியராகிய ஒருவர், துடுப்பாட்டப் பந்தயத்திற் கடன்பட்டு எம்முன் அழுதார். யாம் இரங்கி, கடன் தீர்க்கும் பணத்தை அவர் கையிலே கொடுத்தோம். அம்மாதமே அதுவும் பந்தயமாயிற்று. எமது இரக்கம் தீயில் வார்த்த நெய்யாயிற்று. பின்னர் அவர்க்குப் பயன்பட்டவை இவை:

1. கடன் முழுவதையும் ஒளியாது மனைவியிடஞ் சொல்லினார். இந்நோய் மறைவிலே வளர்வது.

2. பந்தயக் கணக்குகளை மூடினார்; சம்பளத்தை மனைவி கையாண்டார். கடன் கொடுத்தவர்க்கே நேராகச் சிறிது சிறிதாக இறுக்கப்பட்டது.

3. இழந்தது இழந்ததே என்று துணிந்தார். மீட்கும் எண்ணம் உள்ளவரையும் நோயும் உளது.

4. வேட்கை அலைபோல எழுந்து தணிவது என்றறிந்து, அது எழும்பொழுது தனித்திராது பிறரோடிருந்தார். மாலைப் பொழுதைத் தோட்டத்திற் கழித்தார்.

5. மருத்துவரை அடைந்து, எண்ணத்தையும் பழக்கத்தையுந் திருத்தும் உளச்சிகிச்சை பெற்றார்.

6. ஒருமுறை மீண்டும் வழுக்கினார். அன்றே மனைவியிடஞ் சொல்லினார். எல்லாம் கெட்டதென்று கைவிட்டிலர்.

கடன்பட்டவன் உயிர்விடுவேனென்று சொல்லின், அதனை வெறும் வார்த்தையென்று தள்ளற்க. அவனைத் தனியே விடாது அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுக.

எம்மை வினாவிய மாணாக்கன், மணியடித்துப் பிறரெல்லாம் போனபின்பும் வாங்கிலே இருந்தான். பின்பு தன் தமையனைக் குறித்துப் பேசத் தொடங்கினான். ஆதலால் இப்பாடம் நடத்தும் ஆசிரியர், மணியடித்தவுடன் எழுந்து போகாது, சிறிது நேரம் வகுப்பிலே தாமதிப்பாராக.