எத்தனை அடிக் கோல் வேண்டும்?

கடலோரத்திலும் அணை, ஏரி ஓரத்திலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலர், பிளாஸ்டிக் குடத்துக்கும் துடைப்பக் கட்டுக்கும் நடுவே நாலைந்து தூண்டில் கோல்களையும் தொங்க விட்டிருக்கிறோம். அதற்கென்று தனிக் கடை வைக்கும் அளவுக்கு விற்பனை இல்லை. ஆனால் விடுமுறை நாட்களில் தேடி வருகிறார்கள். கோல், ரீல், நரம்பு, முள், ஈயம் என்று ஒருவர் மொத்தமாக வாங்கினால் ஒரு வீட்டின் வார மளிகைக்கு ஈடாகப் பில் வந்துவிடுகிறது.

வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எது ரொம்ப தூரம் போகும்?" என்பதுதான். நம் பதிலும் பழகிப் போனதுதான்: இருப்பதிலேயே நீளமான கோலை எடுத்து நீட்டுவோம். அந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் கோல் முறிகிறது, வாடிக்கையாளர் மனம் முறிகிறது, சில வேளை கடற்கரையில் நிற்கும் ஆளுக்கே ஆபத்தாகவும் முடிகிறது.

நம் கடையிலேயே நடந்ததைச் சொல்லலாம். பன்னிரண்டு அடிக் கோல் ஒன்றை வாங்கிப் போன இளைஞர் மூன்றாம் நாள் அதை இரண்டு துண்டாகக் கொண்டு வந்தார். சரக்கு மட்டம் என்றார். கையாளத் தெரியவில்லை என்றோம் நாம். பேச்சு தடித்த பிறகுதான் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருந்த சிறு எழுத்தைப் படித்தோம்: 20 – 50 கிராம். அவர் கட்டி வீசியது 100 கிராம் ஈயம். அவர் படிக்காதது இருக்கட்டும், விற்ற நாமே படிக்கவில்லை. வேறு கோல் கொடுத்து அனுப்பினோம். அந்த நஷ்டம் நம்முடையதே.

முதலில் நீளம். கோலைச் சுழற்றும்போது கை ஒரு சாண் நகர்ந்தால் நுனி பல அடி நகர்கிறது. கோல் நீண்டால், அதே சுழற்சி வேகத்தில் நுனியின் வேகம் கூடும். நுனியின் வேகமே ஈயத்தின் வேகம். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால், வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும். காற்று இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. திறந்த கடற்கரையில் வீசுவோர் 12 முதல் 14 அடிக் கோலை நாடுவது இதனால்தான்.

ஆனால் "அதே சுழற்சி வேகத்தில்" என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். தராசு பிடித்த நமக்கு இது புதிதல்ல. கோல் தராசில் படிக்கல்லை முனைக்கு நகர்த்தினால் அதே கல் அதிக எடையைத் தாங்குகிறது. தூண்டில் கோலிலும் எடை கையை விட்டுத் தள்ளிப் போகப் போக மணிக்கட்டுக்கு அது பல மடங்கு சுமை. மெலிந்த ஆள் 14 அடிக் கோலைச் சுழற்றும்போது கை தளர்ந்து வேகம் குறைந்துவிடும். அதே ஆள் 10 அடிக் கோலில் அதைவிடத் தூரம் எறிவார். கோலை விற்பதற்கு முன் வாசலில் ஒரு முறை வீசிப் பார்க்கச் சொல்லுங்கள். முள்ளும் ஈயமும் இல்லாமல்தான்! மேலே மின்கம்பி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியிலும் இடி மின்னல் நேரத்திலும் அதைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

நீளத்தைவிட முக்கியம், நாம் படிக்காமல் விட்ட அந்த எண். கோல் வில்லைப் போல வேலை செய்கிறது. ஈயத்தின் எடையில் அது வளைந்து, நிமிரும்போது ஈயத்தை உந்துகிறது. 100 – 200 கிராமுக்கு உள்ள தடித்த கோலில் 30 கிராம் ஈயம் கட்டினால் கோல் வளையவே வளையாது. வெறும் கம்பால் கல்லெறிவது போலத்தான். அதிகம் கட்டினால் நம் இளைஞரின் கதை. இரையின் எடையும் இந்தக் கணக்கில் சேரும். 80 கிராம் ஈயத்தோடு பெரிய மத்தித் துண்டு ஒன்றைக் கோத்தால் 100 கிராமைத் தாண்டிவிடலாம். சில கோல்களில் எடையை அவுன்சில் போட்டிருப்பார்கள். ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம்.

கண்ணாடி இழைக் கோல் கனமானது, மெதுவாக நிமிரும், ஆனால் அடி தாங்கும். கார்பன் இழைக் கோல் இலேசானது, சட்டென்று நிமிரும், அதனால் தூரம் தரும். பாறையில் மோதினாலோ வண்டிக் கதவில் நசுங்கினாலோ கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விழுந்து, பிறகு ஒரு நாள் முறியும். புதிதாகப் பழகுபவருக்கு நடுவரை வளையும் சாதாரணக் கோலே ஏற்றது. நுனி மட்டும் வளையும் விறைப்பான கோல் பழகிய கைக்குத்தான் அடங்கும். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மடக்குக் கோல்தான் நம் கடைகளில் அதிகம் போகிறது. பேருந்தில் எடுத்துச் செல்ல வசதி. அதில் வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். ஒன்று விலகினாலும் நரம்பு உரசித் தூரம் குறையும்.

இனி ரீல். நரம்பு சுருளின் பக்கவாட்டிலிருந்து உருண்டு வராமல், முனை வழியாகச் சுருள் சுருளாகக் கழன்று ஓடும் ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் ஆல்பிரட் இல்லிங்வொர்த். இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரத்து ஜவுளித் தொழிலதிபர். நூற்பாலைக் கண்டிலிருந்து நூல் உருவப்படும் விதமே அவருக்கு வழிகாட்டியது என்பார்கள். மீனவர் கண்ணில் படாத ஒன்று நூல் வியாபாரி கண்ணில் பட்டிருக்கிறது.

இந்த ரீலில் கவனிக்க வேண்டியது ஒன்றே: நரம்பு விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த எண்ணெய் டின்னில் கரண்டி விட்டு எடுப்பது எளிது. பாதிக்குக் கீழே போனால் டின்னின் விளிம்பு கையைத் தடுக்கும். ரீலும் அப்படியே. அரைகுறையாகச் சுற்றிய நரம்பு ஒவ்வொரு சுற்றிலும் விளிம்பில் உரசிக்கொண்டுதான் வெளியே வரும். விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் உள்ளே நிற்கும்படி சுற்றிக் கொடுத்தால் போதும். முழுக்க நிரப்பினால் கொத்தாகக் கழன்று சிக்கு விழும். இருபது மீட்டர் நரம்பை மிச்சம் பிடிக்கப் பார்த்து வாடிக்கையாளரின் தூரத்தைக் குறைத்து அனுப்புவது நமக்கு அழகல்ல.

நரம்பு மெலிய மெலியக் காற்றுத் தடையும் வளைய உரசலும் குறையும். 0.40 மி.மீ. நரம்பை விட்டு 0.30 மி.மீ. சுற்றினாலே வித்தியாசம் தெரியும். பின்னல் நரம்பு, அதே பலத்துக்கு நைலானைவிட வெகுவாக மெலிந்தது. விலை கூடுதல். வழுக்கும் என்பதால் அடியில் சில சுற்று நைலான் சுற்றி அதன் மேல் ஏற்ற வேண்டும். வீசும்போது விரலை அறுக்கும், உறை தேவை.

இங்கேதான் ஆளுக்கு ஆபத்து என்று சொன்னது வருகிறது. தூரத்துக்காக மெல்லிய நரம்பைச் சுற்றி, அதன் முனையிலேயே கனத்த ஈயத்தைக் கட்டி ஓங்கி வீசினால், வீச்சின் உச்சத்தில் நரம்பு அறுந்து ஈயம் தனியே பறக்கும். அது எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வேகத்தில் ஒருவர் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்காகவே முனையில் தடித்த நரம்பு ஒன்றை முடிந்துகொள்கிறார்கள். லீடர் என்று கேட்பது அதைத்தான். ஒவ்வோர் அவுன்ஸ் ஈயத்துக்கும் 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரை கிலோ, தாங்கும் பலம் வேண்டும் என்பது பிரிட்டிஷ் கடற்கரைத் தூண்டில்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 100 கிராம் ஈயத்துக்கு 16 கிலோ தாங்கும் நரம்பு. நீளம், கோலைப் போல் இரு மடங்கும் ரீலில் ஐந்தாறு சுற்றும். ஈயம் விற்கும்போது இதையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்க மறுத்தாலும் காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

சரக்கெல்லாம் சரியாக அமைந்தும் தூரம் போகவில்லை என்று வருபவரிடம் கையைப் பற்றிக் கேட்க வேண்டும். பெரும்பாலோர் தொடக்கத்திலேயே முழு பலத்தையும் போட்டு விடுகிறார்கள். மெதுவாகத் தொடங்கி முடிவில் வேகம் கூட்டுவதே முறை. நுனியிலிருந்து ஈயம் தொங்கும் நீளம், கோலில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். நுனியோடு ஒட்டிக் கட்டினால் கோல் சரியாக வளையாது. மேல் கை தள்ள, கீழ்க் கை அடிப்பிடியை நெஞ்சுப் பக்கம் இழுக்க வேண்டும். இழுக்கும் கையை மறந்து, தள்ளும் கையாலேயே எறிபவர்கள்தான் அதிகம். விரலை முன்னதாக விட்டால் ஈயம் வானத்துக்கு ஏறும், பிந்தினால் எதிரே தண்ணீரில் அறையும். தரைக்கும் வானுக்கும் சரிபாதிச் சாய்வில், அல்லது சற்றுத் தாழ, ஈயம் கிளம்ப வேண்டும். எதிர்க்காற்றில் இன்னும் தாழ. வீசும் முன் பின்னால் திரும்பிப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் முதல்.

வெளிநாட்டுப் போட்டிகளில் புல்வெளியில் வெறும் ஈயத்தை 200 மீட்டருக்கு மேல் வீசுபவர்கள் உண்டு. இரை கோத்துக் கடலில் வீசும்போது அந்தத் தூரம் கிடைக்காது. தேவையும் இல்லை. கிழங்கான் போன்றவை அலை உடையும் இடத்துக்கு இப்பக்கமே மேய்கின்றன. கழிமுகத்துக் கொடுவாய்க்கும் பல நேரம் பக்கத்து வீச்சே போதும். கடலரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் மேல் நின்று பிடிப்பவர் (பேரிலேயே தூண்டில் இருக்கிறது!) ஏற்கெனவே ஆழத்துக்கு அருகே நிற்கிறார். அவருக்கு ஏழெட்டு அடிக் கோல் தாராளம். பதினான்கு அடிக் கோலோடு வழுக்குப் பாறையில் தடுமாறுவதே மிச்சம்.

ஆகவே "எத்தனை அடி?" என்று அவர் கேட்கும் முன் "எங்கே நின்று வீசப் போகிறீர்கள், எத்தனை கிராம் ஈயம்?" என்று நாம் கேட்டுக்கொள்வோம். நைலான் நரம்புச் சுருள்களைக் கடை முகப்பு வெயிலில் தொங்க விடவும் வேண்டாம். வெயிலில் நைலானின் பலம் குன்றிவிடும். போன கோடையில் முகப்பில் கிடந்த சுருள் ஏதாவது மிச்சமிருந்தால், ஒரு முழம் அறுத்து முடிச்சுப் போட்டு இழுத்துப் பாருங்கள். சுலபமாக அறுந்தால் அது பொட்டலம் கட்டத்தான் உதவும்.